ஒன்பது பேரும் ஐந்து சொந்தக்காரர்களும்

ஹெச்.ஆர். என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது ஏ.ஸி. ரூம், கழுத்தில் டை, 'நாங்களே கூப்பிடறோம்' என்கிற பொய். ஆனால் அந்த நாற்காலி பிறந்த கதையே வேறு சார்! அந்தக் காலத்து மில்களில் ஆள் எடுப்பதும் துரத்துவதும் மேஸ்திரி கையில். அவரைக் 'கவனித்தால்' வேலை, இல்லாவிட்டால் கேட்டுக்கு வெளியே. 1931-ல் விட்லி கமிஷன் இதைப் பார்த்து, 'மேஸ்திரி வேண்டாம், லேபர் ஆபீசர் போடுங்கள்' என்றது. 1948 தொழிற்சாலைச் சட்டம், 500 தொழிலாளர் இருந்தால் நல அதிகாரி கட்டாயம் என்றது.

ஐந்நூறுக்கு எங்கே போவது? ஆனையூரில் நான் பில் போடுகிற அட்டைப்பெட்டிக் கம்பெனியில், வாட்ச்மேன் தாத்தாவையும் சேர்த்தால் பதினான்கு தலை. பதிவேட்டிலோ ஒன்பதுதான்! மீதி ஐந்து பேரும், "நம்ம சொந்தக்காரப் பயலுக. சும்மா வந்து போறாய்ங்க." 2011-ல் ஆனையூரே மதுரை மாநகராட்சிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. இந்த ஐந்து பேர் மட்டும் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

ஒன்பதில் ஒரு சூட்சுமம். பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ. வந்துவிடும். 2019 ஜூலையில் வந்த கணக்குப்படி முதலாளி பங்கு 3.25 சதவிகிதம், தொழிலாளி பங்கு 0.75. சம்பளம் 12,000 என்றால் முதலாளி கட்ட வேண்டியது மாதம் 390 ரூபாய்.

"ஹெச்.ஆர்.னு ஒருத்தரைப் போட்டா என்ன மொதலாளி?"

"எதுக்குப்பா? லீவு கேட்டா இல்லேங்கணும். அட்வான்ஸ் கேட்டா நாளைக்குங்கணும். அதை நானே சொல்லிக்கிறேன்!"

போன ஐப்பசியில், 'சொந்தக்காரப் பையன்' ஒருவனின் விரலைக் கட்டிங் மிஷின் கடித்துவிட்டது. முதலாளி கல்நெஞ்சக்காரர் அல்ல. தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். பில் 86,000. வகுத்துப் பார்த்தேன். மாதம் 390 வீதம் பதினெட்டு வருஷத்துச் சந்தா! விரல் நுனி போனது போனதுதான்.

கட்டோடு வந்து என் மேஜை பக்கத்தில் நின்றான். "அண்ணே, வீட்ல இருக்கிற நாளுக்குச் சம்பளம் உண்டான்னு யார்ட்டண்ணே கேக்குறது?"

யாரிடம் கேட்பான்? அதற்கு ஒரு நாற்காலியே இல்லையே! இ.எஸ்.ஐ.யில் பதிந்திருந்தால் வைத்தியம் இலவசம். வேலையில் பட்ட காயம் என்பதால், ஆறும்வரை சம்பளத்தில் 90 சதவிகிதம் வீடு தேடி வந்திருக்கும். தத்தனேரி என்றால் மதுரைக்காரர்களுக்கு மயானம்தான் ஞாபகம் வரும். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் அங்கேதான் இருக்கிறது. அந்த இரண்டாவது விலாசத்தை நமக்குச் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டாமா?

இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஒரு மேடம் வந்து போகிறார். இதுபோல ஐந்தாறு சின்னக் கம்பெனிகளைப் பார்த்துக்கொள்கிறாராம். டையும் இல்லை, ஏ.ஸி.யும் இல்லை, ஒரு டூ-வீலர். முதல் நாளே எல்லாரையும் உட்காரவைத்துப் பெயர் எழுதினார். எட்டு வருஷமாகப் பசை தடவுகிற அக்காவிடம் முதல் முறையாக ஒருவர் இனிஷியல் கேட்டார். அக்காவுக்கு வெட்கம் தாங்கவில்லை! அடுத்த வாரம் மிஷினுக்குத் தடுப்புக் கம்பி வந்தது. சம்பளத்துக்கு ஏழாம் தேதி என்று ஒரு தேதி வந்தது. எல்லார் கையிலும் வேலை நியமனக் கடிதம். பதிவேட்டில் பதினான்கு பெயர்.

முதலாளிக்குத்தான் மனசே சரியில்லை.

"ஒரே நாள்ல அஞ்சு சொந்தக்காரங்களை இழந்துட்டேனேப்பா!"