நோய்க்கும் ஒரு நிலப்படம்

மருத்துவர் நாடி பிடித்து ஒருவரது நோயை அறிவார். ஒரு மாவட்டத்தின் நாடியை அறிவது எவ்வாறு? ஊர்தோறும் நோயுற்றோரை எண்ணி, அவ்வெண்களை நிலப்படத்தில் குறித்துக் காண்பதே அதற்குரிய வழி என்பது என் கருத்து.

மாணவர்களே! பல்லாண்டுகளுக்கு முன் நாமக்கல் பகுதிச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் யான் தமிழ் கற்பித்தேன். அங்கே மாணவன் ஒருவன் செய்யுள் ஒப்பிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொள்வான். அவன் பற்களில் பழுப்புக் கறை படிந்திருந்தது. பல் துலக்காத சோம்பேறி என்று அவனைப் பலர் முன்னிலையில் கடிந்தேன். அவன் மறுமொழி கூறவில்லை. அக்கறை அவன் குடித்த கிணற்று நீரால் வந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். அன்று நான் கூறிய சொல் இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

நம் நாட்டுக் கடும்பாறைகளிலிருந்து ஃபுளோரைடு என்னும் பொருள் நிலத்தடி நீரில் கரைகின்றது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது கலந்த நீரை நெடுங்காலம் பருகினால், வளரும் பிள்ளைகளின் பற்கள் கறைபடும். அளவு மிகமிக, எலும்பும் மூட்டும் இறுகும். இறுகிய எலும்பை மீட்கும் மருந்து இல்லை. நீரை மாற்றி நோயைத் தடுத்தலே வழி. 1937ஆம் ஆண்டிலேயே அன்றைய சென்னை மாகாணத்தில் இந்நோய் கண்டறியப்பட்டது.

இங்கே சராசரிக் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். பத்துக் கிணறுகளுள் எட்டு நல்லனவாயின், சராசரி ‘நலம்’ என்றே கூறும். எஞ்சிய இரு கிணறுகளின் நீரைப் பருகும் பிள்ளைகளுக்கு அதனால் என்ன பயன்? தீய கிணறுகளைப் படத்தில் சிவப்பாகக் குறியுங்கள். நன்னீர் முதலில் எவ்வூருக்குச் செல்லவேண்டும் என்பதைச் சிறு குழந்தையும் சுட்டிக் காட்டும்.

1854ஆம் ஆண்டு இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், தெருக் குழாய் ஒன்றே அதற்குக் காரணம் என உணர்த்தினார். அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர் அவர் வெளியிட்ட படத்தில், இறப்புகள் அக்குழாயைச் சூழ்ந்திருந்தமையை அனைவரும் கண்டனர். நம் அண்டையிலும் சான்றுண்டு. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்த தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளில் ஃபுளோரைடின் கேடு அறியப்பட்டமையால், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013இல் காவிரி நீர் அங்குள்ள ஊர்களை அடைந்தது.

“எம் ஊர் சிவப்பாகத் தோன்றின் இழுக்கன்றோ? பெண் கொடுப்பாரும் தயங்குவரே!” என்பார் உளர். அவர்தம் அச்சம் பொய்யன்று. ஆதலின், தனியொருவர் பெயர் எப்படத்திலும் இடம்பெறலாகாது. எனினும் ஊரின் நோயை மறைத்தல், அம்மாணவன் வாயை மறைத்ததை ஒக்கும். மறைத்ததனால் கறை நீங்கிற்றா? இழுக்கு, நீரைப் பருகியோர்க்கு அன்று. கண்டும் வாளாவிருப்போர்க்கே உரியது.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், நீரிழிவையும் குருதி அழுத்தத்தையும் இல்லந்தோறும் சென்று கண்டறிகின்றனர். அக்கணக்கும் ஏட்டளவில் உறங்காது, ஊர்ப்படமாய் விளங்குதல் வேண்டும். கண்ட நோய்க்கே மருந்து உண்டு.