இளையபெருமாளுக்கு ஒரு ஹார்லெம் இல்லை

"தனித்தொகுதி ஆளுங்க வாயே தொறக்க மாட்டாங்க." காரைக்காலில் நான் சந்திக்கும் முற்போக்கு இளைஞர்கள் பலர் சலிப்போடு சொல்வது இது. இதே நண்பர்கள் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்களைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் அந்தத் தலைவர்கள் எந்த வாக்கில் நின்று பேசினார்கள் என்று பார்க்கத் தவறுகிறார்கள்.

ஆடம் கிளேட்டன் பவலை எடுத்துக்கொள்வோம். 1945 முதல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த நாடாளுமன்ற உணவகத்துக்குக் கறுப்பின ஊழியர்களை அழைத்துப் போனவர். இனம் பிரித்து நடத்தும் நிறுவனங்களுக்கு அரசுப் பணம் தராதே என்று ஆண்டுக்கணக்கில் திருத்தம் கொண்டுவந்தார். அந்தக் கோரிக்கைதான் 1964 குடியுரிமைச் சட்டத்தில் ஏறியது. 1967இல் நிதி முறைகேட்டுப் புகாரைக் காட்டி அவரைச் சபைக்குள் விடவில்லை. அடுத்த சில வாரங்களில் நடந்த இடைத்தேர்தலில் ஹார்லெம் மக்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். அவர் புனிதர் இல்லை. ஆனால் அவரை ஹார்லெமுக்குத் தெரியும். ஹார்லெமை அவருக்குத் தெரியும்.

இப்போது நம் டெல்டாவுக்கு வருவோம். காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் 1952இல் முதல் மக்களவைக்குப் போனார். காங்கிரஸ்காரர். தீண்டாமை குறித்து ஆராய 1965இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர். கீழ்வெண்மணியில் 44 பேரைக் கொளுத்திக் கொன்றது 1968 டிசம்பர் 25. அடுத்த மாதமே, 1969 ஜனவரியில், அவருடைய அறிக்கை வந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சொன்னது அந்த அறிக்கை. தமிழ்நாடு 1970இல் கொண்டுவந்த சட்டத்துக்கு அதுவே ஆதாரம். 1955 தீண்டாமைச் சட்டம் 1976இல் கடுமையாக்கப்பட்டதற்கும் அந்த அறிக்கை அடிப்படை.

வாயே திறக்காதவர் செய்கிற வேலையா இது?

பவலை அனுப்பியது கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதி. இளையபெருமாள் நின்றதோ, வேட்பாளர் மட்டும் நம் ஆளாக இருக்க, வெற்றியை ஊர்த்தெரு வாக்கு தீர்மானிக்கும் தொகுதி. தனி வாக்காளர் தொகுதியைக் காந்தியின் உண்ணாவிரதம் தடுத்து, 1932 பூனா ஒப்பந்தம் நமக்குத் தந்தது இந்த ஏற்பாட்டைத்தான். சேரியைப் பகைத்துக்கொண்டும் இதில் ஜெயிக்கலாம். ஊரைப் பகைத்துக்கொண்டால் முடியாது. அம்பேத்கர் அன்றே எச்சரித்தது இதைத்தான்.

அப்படியிருக்க, மௌனத்துக்கான பழியை மட்டும் சேரியில் பிறந்தவன் தலையில் கட்டுவது யாருக்கு வசதி? பொதுத்தொகுதி உறுப்பினர் சாதிக் கொலை குறித்து வாய் திறந்தாரா என்று நாம் ஏன் கணக்கெடுப்பதில்லை?

காரைக்காலில் தனித்தொகுதி நெடுங்காடு மட்டுமே. புதுச்சேரிக்கு இருக்கும் ஒரே மக்களவை இடமும் பொதுத்தொகுதி. இங்கிருந்து ஒரு இளையபெருமாள் டெல்லி போவதற்குத் தனித்தொகுதிக் கதவுகூடக் கிடையாது.

தனி வாக்காளர் தொகுதி நாளையே வந்துவிடாது. அந்த விவாதத்தை முதலில் மேடைக்குக் கொண்டுவருவோம். அதுவரை, வாக்கு கேட்டு வருகிறவர் யாரானாலும், தனியாக அல்ல, சேரியாகக் கூடி நின்று கேட்போம்: சிறப்புக்கூறு நிதி எங்கே போனது? கோயில் தெருவில் எங்கள் பிணம் போகுமா?

சேரி ஒன்றாக நிற்கிற அன்று நமக்கும் ஒரு ஹார்லெம் இருக்கும். அதைக் கட்டாமல் இளையபெருமாள்களைத் திட்டிக்கொண்டிருப்பது முற்போக்கு அல்ல, சோம்பல்.