காரத்துக்கு வெள்ளை ஒயின்

நாசிக்கில் சில உணவகங்கள் கோலாப்பூரி மட்டனுக்கு இன்னும் ரெட் ஒயினைத்தான் சிபாரிசு செய்கின்றன. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கறிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை என்பது மிளகாய் அதிகம் சேராத ஐரோப்பியச் சமையலின் கணக்கு. காய்ந்த மிளகாயும் வறுத்த கொப்பரையும் அரைத்த மசாலாவோடு ஷிராஸ் என்ற ரெட் ஒயினைக் குடித்தால், திராட்சைத் தோலின் துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து காரத்தைக் கிளப்பிவிடும். நாக்கு வறண்டு போகும்.

ராஜீவ் சாமந்த்தின் நாசிக் ஒயின் நிறுவனமான சுலா 2000-இல் வெளியிட்ட முதல் ஒயின்களிலேயே செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் உண்டு. அதன் லேசான இனிப்பும் புளிப்பும் இந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு அவ்வளவு தோது. முளைகட்டிய பயறு, மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெய், பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், பிழிந்த எலுமிச்சை என மிசல் வரட்டும். கூடவே நன்றாகக் குளிர்ந்த செனின் பிளாங்க். காரம் தணிந்து பயறின் ருசி மேலே வரும்.

ஷிராஸை நான் ஒதுக்கவில்லை. தணலில் சுட்டு மசித்த கத்தரிக்காய் பரீத்துக்கு அதுதான் வேண்டும். ஆனால் ஏப்ரல் வெயிலில் அறைச் சூட்டிலேயே ஊற்றாதீர்கள்; அரை மணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

நாசிக் ஒயின் பாட்டில்களின் பின்பக்க லேபிளில் பாஸ்தாவுக்கு முன்னால் மிசலின் பெயர் வர வேண்டும்.