பழைய பேண்ட்சா: விலை பேசும் முன் சக்கரத்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் தோப்பில் பலா, வேம்பு, பூவரசு மரங்கள் இருக்கின்றன. மகன் தச்சு வேலை கற்றிருக்கிறான். பக்கத்தில் ஒரு பட்டறையை மூடுகிறார்கள். 24 அங்குலச் சக்கரம் உள்ள பழைய பேண்ட்சா மெஷின் துருப்பிடித்த நிலையில் விலைக்கு வருகிறது. பம்புசெட் கொட்டகையில் வைத்து ஓட்டலாம் என்கிறான். வாங்கலாமா?
– வாசகர், சிதம்பரம் வட்டம்

பதில்: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரில் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது நினைவிருக்கும். பலகையாக வேண்டிய பலா மரங்கள் விறகு விலைக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஆகவே தம்பியின் ஆசை நியாயமானதே. ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, சக்கரம். துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். பேரிங், ரப்பர் பட்டி இரண்டும் புதிதாகக் கிடைக்கும். வார்ப்பிரும்புச் சக்கரத்தில் விரிசல் இருந்தால் மட்டும் வழியில்லை. ஆரங்கள் சேரும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசுங்கள். விரிசல் இருந்தால் சற்று நேரத்தில் எண்ணெய் கோடாக ஊறித் தெரியும். விரிசல் விட்டதையும் வெல்டிங் வைத்ததையும் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். ஓடும்போது உடைந்தால் உயிருக்கே ஆபத்து. அடுத்து சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் பேரிங்கில் என்றால் மாற்றலாம். ஷாஃப்டே தேய்ந்திருந்தால் லேத் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டாவது, மின்சாரம். விவசாய இலவச இணைப்பு பாசனத்துக்கு மட்டுமே. அதில் ரம்பம் ஓட்டினால் அபராதம் வரும், இணைப்புக்கும் சிக்கல். மோட்டார் திறனைக் குறித்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தனி இணைப்புக்குக் கேளுங்கள்.

மூன்றாவது, உரிமம். உருட்டு மரம் அறுக்கும் மில்லுக்கு வனத்துறை உரிமம் தேவை. உங்கள் மெஷினும் வேலையும் அதில் வருமா என்று மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே வாங்குங்கள்.

வாங்கிய பின் செய்ய வேண்டியவை: பேரிங் எண் அதன் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும், அதே எண்ணில் மாற்றுங்கள். இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று நீளமான நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். பிளேடு நீளத்துக்கு, இரு சக்கர மையங்களின் இடைவெளியை இரண்டால் பெருக்கி, விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டுங்கள். இடைவெளி 44 அங்குலம் என்றால் 88-உம் 75-உம் சேர்ந்து சுமார் 163 அங்குலம். பிளேடு தடிமன் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.6 மி.மீ. அளவில் இருக்கட்டும், தடித்த பிளேடு வளைந்து வளைந்து சீக்கிரம் அறுந்துவிடும். பற்கள் மேசையை நோக்கிக் கீழே பார்க்க வேண்டும். முதலில் கையால் சுற்றிப் பார்த்து, பிறகு மூடிகளை மாட்டி, பக்கவாட்டில் நின்று வெறுமனே ஓட்டுங்கள்.

வேலி ஓர மரத்தில் ஆணி, முள்கம்பி புதைந்திருக்கும். தேடி எடுத்துவிட்டு அறுங்கள். கையுறை, தொங்கும் துண்டு, வேட்டி கூடாது. சிறு துண்டைக் கையால் தள்ளாமல் குச்சியால் தள்ளுங்கள். மூடி இல்லாமல் வருகிற மெஷினுக்கு முதல் செலவு மூடியாகவே இருக்கட்டும். தம்பியின் பத்து விரலும்தான் அவருடைய முதல்.