கல்லுக்கு எண்ணெயா, தண்ணீரா?

இரண்டு தச்சர்களுக்கிடையே வாக்குவாதம் கிளப்ப ஒரு கேள்வி போதும்: உளி தீட்டும் கல்லில் எண்ணெய் விடுவதா, தண்ணீர் விடுவதா? தண்ணீர் பட்டால் உளி துருப்பிடிக்கும் என்பார் ஒருவர். எண்ணெய் கல்லை அடைத்துவிடும் என்பார் மற்றவர். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் முதலில் கேட்க வேண்டியது, அது எந்தக் கல் என்பதை.

பட்டறைகளில் இன்று புழங்கும் கற்களில் பல மலையில் வெட்டியவை அல்ல, உலையில் பிறந்தவை. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் செயற்கை வைரம் செய்யும் ஆசையில் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் காய்ச்சினார். கிடைத்தது வைரமல்ல, சிலிக்கன் கார்பைடு. கார்பனும் கொரண்டமும் கலந்த பொருள் என்று தவறாக எண்ணி அதற்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். கொரண்டம் என்பது 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலத்துக்குப் போன வடிவம். 1954-ல் சென்னையில் முருகப்பா குழுமம், அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியபோது, அந்தச் சொல் ஊர் திரும்பியது.

கல்லில் விடும் திரவத்துக்கு முக்கியமான வேலை ஒன்றுதான்: தேய்ந்து வரும் இரும்புத் துகளை மிதக்கவைத்து அப்புறப்படுத்துவது. துகள் கல்லின் நுண்துளைகளில் அடைந்தால் கல் பளபளக்கும். உளி அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். சூட்டைத் தணிக்கத்தான் திரவம் என்பது பலரின் எண்ணம். கையால் தீட்டும்போது உளியின் பதம் கெடும் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை. அந்த ஆபத்து மின்சாரத்தில் சுழலும் சாணைக்கு உரியது.

கடினமான கார்போரண்டம் கல்லுக்கு எண்ணெயும் ஆகும், தண்ணீரும் ஆகும். தொழிற்சாலையிலேயே எண்ணெய் ஊட்டி விற்கப்படும் அலுமினியம் ஆக்சைடு கற்களுக்கு எண்ணெய்தான் பொருத்தம். தண்ணீர் அவற்றில் ஒட்டாமல் உருண்டோடும். ஜப்பானிய பாணியிலான மிருதுவான நீர்க்கற்களுக்குத் தண்ணீர் மட்டுமே. எண்ணெய் பட்டால் அவை பாழ்.

எண்ணெய் என்றால் எந்த எண்ணெயும் அல்ல. தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் சரி. கைக்கு எட்டும் சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் துகளோடு சேர்ந்து பிசினாகிவிடும். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். டெல்லிக் குளிரில் கல்லின் துளைகளை அதுவே அடைத்துவிடும். காய்கறி நறுக்கும் கத்திக்குத் தண்ணீர் உத்தமம். தீட்டியதும் கழுவி ஈரம் போகத் துடைத்தால் துருவுக்கும் வேலையில்லை.

எண்ணெய் குடித்த கல்லைத் தண்ணீருக்கு மாற்றுவது எளிதல்ல. மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுத் தேய்த்தாலும் உள்ளே ஊறியது முழுக்க வெளிவராது. எனவே கல் வாங்கிய அன்றே முடிவு செய்துவிட வேண்டும். எதை விட்டாலும், வேலை முடிந்ததும் கல்லின் மேல் நிற்கும் கறுப்புச் சேற்றைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். கூர் போன உளியைக் கூடுதல் பலத்தோடு தள்ள வேண்டியிருக்கும். மரத்தில் அது வழுக்கினால் போய்ப் பாயும் இடம், மரத்தைப் பிடித்திருக்கும் கை. தினக்கூலித் தச்சருக்கு அந்தக் கைதான் முதல்.