எழுவான்கரையிலிருந்து ஒரு நோக்கு

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பொதுத் தேர்தலிலே இலங்கையின் 22 தேர்தல் மாவட்டங்களுள் 21 மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தியே முதலிடம் பெற்றது. விலகி நின்றது மட்டக்களப்பு ஒன்றே. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களுள் 3 ஆசனங்களை அக்கட்சி கைப்பற்றிய அதே நாளில், மட்டக்களப்பின் 5 ஆசனங்களுள் மூன்றை இலங்கைத் தமிழரசுக் கட்சி பெற்றது. இக்கட்சியின் வரலாற்றை யாழ்ப்பாணத்தை நடுவாக வைத்தே எழுதியும் படித்தும் பழகிய நமக்கு இம்முடிவு ஒரு வினாவை எழுப்புகின்றது. தமிழ் மிதவாதத்தின் கதையை இதுகாறும் சரியான கரையில் நின்றுதான் பார்த்து வந்தோமா?

வழக்கமாகச் சொல்லப்படும் கதை யாவரும் அறிந்ததே. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையும், திரு. ஜி. ஜி. பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையிற் சேர்ந்ததையும் ஏற்காது தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்தோர், 1949 டிசெம்பர் 18ஆந் தேதி கொழும்பு மருதானையிலே புதிய கட்சியொன்றை நிறுவினர். திரு. சா. ஜே. வே. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், டாக்டர் இ. மு. வி. நாகநாதன் ஆகியோர் அதன் முன்னணியில் நின்றனர். தமிழிலே தமிழரசுக் கட்சி. ஆங்கிலத்திலோ சமஷ்டிக் கட்சி. ஒரே கட்சி இரு செவிகளுக்கு இரு பெயர் சொல்லிற்று. அவற்றுள் ஒன்றை மாத்திரம் கேட்டவர்கள் ஐயுற்றது வியப்பன்று. 1952இல் 2 ஆசனங்கள்; தலைவரே காங்கேசன்துறையிலே தோல்வியுற்றார். தனிச் சிங்களச் சட்டத்தின் புயல் வீசிய 1956இல் 10 ஆசனங்கள். பின்னர் 1957 யூலை 26இல் பண்டாரநாயக்காவுடனும், 1965 மார்ச் 24இல் டட்லி சேனநாயக்காவுடனும் கைச்சாத்திட்ட உடன்படிக்கைகள். முன்னது 1958 ஏப்பிரலிலே கிழிக்கப்பட்டது. பின்னதன் விளைவான மாவட்ட சபைத் திட்டம் 1968இல் கைவிடப்பட்டது. மிதவாதம் தோற்றதற்குச் சிங்களத் தலைமைகள் வாக்குத் தவறியதே காரணம் என்று இக்கதை முடியும்.

இது பொய்யன்று. ஆனால் பாதிக் கதை.

மறு பாதி கிழக்கிலே கிடக்கின்றது. கட்சி தோன்றிய அதே 1949இலேதான் கல்லோயாத் திட்டமும் தொடங்கிற்று. எழுவான்கரையிற் குடியிருந்து, வாவி கடந்து படுவான்கரையில் வேளாண்மை செய்யும் நம்மவர்க்கு நிலம் என்பது மேடைப் பொருளன்று; அடுத்த போகத்தின் வினா. 1956 யூன் மாதத்திலே கல்லோயாப் பகுதியில் தமிழர் கொல்லப்பட்டபோது மொழிப் பிரச்சினையும் நிலப் பிரச்சினையும் ஒன்றே என்பது இங்குள்ளோர்க்குத் தெளிவாயிற்று. இரண்டு உடன்படிக்கைகளிலும் குடியேற்றம் பற்றிய விதிகளே மிக நுணுக்கமாக அமைந்துள்ளன. 1957ஆம் ஆண்டின் உடன்படிக்கை காணிக்கும் குடியேற்றத்துக்குமான அதிகாரத்தைப் பிரதேச சபைகளிடம் விட முன்வந்தது. 1965ஆம் ஆண்டின் உடன்படிக்கை, முதலில் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றோருக்கும், அடுத்து வடக்குக் கிழக்கில் வாழும் தமிழ் பேசுவோருக்கும் என வரிசை வகுத்தது. ஆயினும் உடன்படிக்கைகள் பேசப்பட்ட இடம் கொழும்பு. அவற்றின் பயனை எதிர்பார்த்து நின்ற வயல் இங்கே.

அந்த வயலின் மறு வரம்பில் நிற்பவர் யார்? முஸ்லிம் அயலவர். பெரியகல்லாற்றைக் கடந்து தெற்கே செல்வோர் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை என்று தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாலையிற் கோத்தாற்போல் அடுத்தடுத்து வரக் காண்பர். இந்நிலவமைப்பை நன்கு உணர்ந்தே செல்வநாயகம் ‘தமிழ் பேசும் மக்கள்’ என்னும் தொடரைக் கட்சியின் அடிப்படையாக்கினார். மதத்தை நடுவில் நிறுத்தாது மொழியை நிறுத்திய அத்தொடர், அக்காலத்துத் தமிழ் அரசியலின் மிகத் துணிவான கருத்து என்பது என் துணிபு. 1956இலே கல்முனையில் திரு. எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் திரு. எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சி வேட்பாளராய் நின்று வென்றனர். கட்சியின் 10 ஆசனங்களுள் இரண்டு முஸ்லிம்களுடையவை! பின்னர் இருவரும் அரசாங்கப் பக்கஞ் சென்றனர்.

அவர்களைக் கட்சி மாறிகள் என்று ஏசி முடித்துவிடுதல் எளிது. அவ்வாறே செய்தனர் பலர். ஆனால் இரு வேட்பாளர்கள் போனதால் மாத்திரம் ஒரு கருத்து இறந்துபோவதில்லை. 1961ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்திலே மட்டக்களப்புக் கச்சேரி வாயிலில் முஸ்லிம்களும் அமர்ந்தனர். அந்த நல்லெண்ணத்தை நிலையான ஏற்பாடாக மாற்றும் வேலையைக் கட்சி மேற்கொள்ளவில்லை. கொழும்போடு பேச வகுத்த அளவு நுணுக்கமான விதிகளைக் கல்முனையோடு பேச வகுக்கவில்லை. எந்தச் சபையில் யாருக்கு என்ன பங்கு, எல்லைக் காணி எவ்வாறு தீர்க்கப்படும் என்பனவெல்லாம் ‘பின்னர் பார்க்கலாம்’ என்ற பெட்டியிலேயே கிடந்தன. 1981இல் முஸ்லிம் காங்கிரஸ் காத்தான்குடியிலே தோன்றியபோது அப்பெட்டியைத் திறக்கும் காலமும் கடந்திருந்தது.

கிழக்குத் தமிழரிடத்தும் நிலை பெரிதும் வேறன்று. பட்டிருப்புத் தொகுதியின் திரு. சி. மூ. இராசமாணிக்கம் கட்சியின் தலைவராகவே விளங்கினார், 1970இலே தோல்வியுற்றார். மட்டக்களப்பிலே 1956 முதல் அசையாது நின்ற திரு. செ. இராசதுரை 1979இல் ஐக்கிய தேசியக் கட்சியிற் சேர்ந்து மந்திரியானார். 1989இலே திரு. அ. அமிர்தலிங்கம் மட்டக்களப்பிலே போட்டியிட்டுத் தோற்று, தேசியப் பட்டியல் வழியாகவே பாராளுமன்றம் புகுந்தார். அவ்வாண்டு யூலை 13இல் கொழும்பிலே சுட்டுக்கொல்லப்பட்டார். மிதவாதிகளின் வாயைத் துப்பாக்கி அடைத்துவிட்ட காலம் அது. 1990இலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் வீரமுனையிலும் சத்துருக்கொண்டானிலும் சிந்திய இரத்தம் இரு சமூகத்து வீடுகளிலும் இன்னும் பேசப்படுகின்றது. அதற்குமேல் இங்கு விரித்தல் வேண்டா.

இத்தனைக்கும் பின்னர் நிகழ்ந்த ஒரு செயலை நம் எழுத்தாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. 2012 செப்டெம்பரிலே நடந்த கிழக்கு மாகாண சபைத் தேர்தலிலே தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 11 ஆசனங்களையும் முஸ்லிம் காங்கிரஸ் 7 ஆசனங்களையும் பெற்றன. முஸ்லிம் காங்கிரஸ் அப்போது அரசாங்கக் கூட்டணியோடு சேர்ந்தது. ஆட்சி மாறிய 2015இலோ, 11 பெற்ற கட்சி 7 பெற்ற கட்சியின் திரு. நசீர் அகமதுவை முதலமைச்சராக ஏற்று, தான் இரு அமைச்சுகளோடு அடங்கிற்று. தமிழர் பலர் இதனைச் சரணாகதி என்றனர். கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல் நியாயமே. ஆனால் 1956 முதல் எழுதப்படாதிருந்த உடன்படிக்கையின் முதல் வரி அன்றே எழுதப்பட்டது என்று நான் கருதுகின்றேன். கொழும்பிடம் விட்டுக்கொடுப்பைக் கேட்பவர் அயலவரிடம் அதனைக் கொடுத்துக் காட்டவும் வேண்டுமல்லவா? 2017இலே சபையின் காலம் முடிந்தது; அந்த வரியோடு எழுத்தும் நின்றது.

2024 யூன் 30இலே திரு. இரா. சம்பந்தன் மறைந்தார். அதே ஆண்டு ஜனவரியில் திருகோணமலையிலே நடந்த தலைவர் தேர்தல், வென்றவர் பதவியேற்கு முன்னரே நீதிமன்றஞ் சென்றது. வடக்கிலே கட்சி தன்னோடு தானே வழக்காடிய அவ்வாண்டின் இறுதியிலேதான் கிழக்கிலே அது முதலிடம் பெற்றது. வென்றவருள் ஒருவர் இராசமாணிக்கத்தின் பேரன் திரு. சாணக்கியன். பரம்பரைப் பெருமை பேசுவோர் பேசட்டும். எனக்குத் தோன்றுவது வேறு: பேரனுக்குக் கிடைத்திருப்பது பாட்டனார் காலத்துக் கட்சி முடிக்காது விட்ட வேலை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 யூனிலே கல்முனையில் உண்ணாவிரதம் இருந்தபோது, எதிரே முஸ்லிம்களும் தம் கோரிக்கையோடு வீதியில் அமர்ந்தனர். இரு பக்கத்துப் பேச்சும் தமிழிலேயே நடந்தது. இரு பக்கமும் தீர்ப்பைக் கொழும்பிலேயே கேட்டது. 1956இல் காரியப்பருக்கு வாக்களித்த கல்முனை அதுவே.