கை வைக்கச் சொன்னது ஆர் என்று கேட்டவருக்கு

கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ஒரு கலியாண வீட்டில், ஸ்காபரோவில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "ஸ்னோ புளோவருக்குள்ள ஆர் கை வைக்கச் சொன்னது? பெடியன்ர கவனக்குறைவு." பெடியன் என்றது என் தங்கையின் மகனை. அவனுக்கு இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. சபையில் நான் வாய் திறக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பெடியன் என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் கை வைத்தான். ஈரப் பனி குழாயில் இறுகினால், உள்ளே சுழலும் தகடு முறுக்கோடு நிற்கும். என்ஜின் நின்றாலும் அடைப்பை எடுத்த கணத்தில் அது திரும்பும். அதற்குத்தான் மெஷினோடு ஒரு தடி தருகிறார்கள். அந்தத் தடி போன வருடமே தொலைந்துவிட்டதாம். கையை எடுத்தால் சுழற்சி நிற்க வேண்டிய பிடியையும் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள், கை வலிக்கிறதென்று!

சரி, ஏன் அடைத்தது? போன ஏப்ரலில் மெஷினைப் பெற்றோலோடும் உப்போடும் அப்படியே கொண்டெய்னருக்குள் தள்ளியவர்கள் நீங்கள். பெற்றோல் ஒரு மாதம் கிடந்தாலே கெடத் தொடங்கும். காபரேற்றரில் பிசின் பிடிக்கும். வற்ற விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டபிலைசர் கலந்திருக்க வேண்டும். டிசம்பரில் இருமுகிற என்ஜின் ஈரப் பனியைத் தூக்கி எறியுமா? தேய்ந்த பெல்ற்றும் சேர்ந்தால் அடைக்காமல் என்ன செய்யும்?

இன்னொன்று. சைட் நிலம் சரளைக்கல். பக்கத்துச் சறுக்குத் தகடுகளை இறக்கி, மெஷினின் வாயை நிலத்திலிருந்து உயர்த்த வேண்டும். செய்யவில்லை. கல் இடித்து ஷியர் பின் முறிந்தது. முறிவதற்கென்றே செய்த ஆணி அது. அது முறிந்தால் கியர்பெட்டி தப்பும். நீங்கள் அதில் உருக்கு போல்ற் போட்டீர்கள். பியூஸ் கம்பிக்குப் பதில் தடித்த கம்பி போட்டால் என்ன நடக்கும் என்று எட்டாம் வகுப்பில் கேட்பேன். பின் வாங்குப் பிள்ளையும் சரியாகச் சொல்லும்.

"மாஸ்ரருக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்?" என்பீர்கள். ஒன்றும் தெரியாது. மருமகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கைநூலை வாசித்தேன், அவ்வளவுதான். நீங்களும் வாசித்திருக்கலாம்.

ஒன்ராறியோ கட்டுமான ஒழுங்குவிதி 213/91 பழுதான இயந்திரத்தைப் பாவிக்கக் கூடாது என்கிறது. ஆபத்தான வேலையை மறுக்கத் தொழிலாளிக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. ஆனால் வந்து ஒரு வருடமான பெடியன், "மாமா" என்று கூப்பிடுகிற முதலாளியிடம் எப்படி மறுப்பான்? அடுத்த கிழமை வேலை இருக்குமா?

பங்குனி முடிகிறது. மெஷின் அதே கொண்டெய்னரில் நிற்கிறதாகக் கேள்வி. தாங்கியில் பெற்றோல் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள், ஐயா.